குருவிகளுக்கு மட்டும்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் நிரப்பிய தினை மத்தியானத்துக்குள் காலி. நாலைந்து சிட்டுக்குருவிகள் தின்று தீர்க்கிற அளவா அது? பெட்டியின் கூரையில் எச்சம் வேறு. குருவி எச்சம் எனக்குத் தெரியும். இது பெரிய ஆளுடையது.

ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ரிட்டயரானவன் நான். எவன் வித்தவுட் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறவன், தூங்குகிற மாதிரி நடிக்கிறவன், ஜன்னல் வழியே அக்கறையாக வயலைப் பார்க்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. இப்போது பாளையங்கோட்டையில் என் வீட்டுப் புறவாசலிலேயே எனக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பெட்டியைப் பற்றி எழுதி வைக்கிறேன். மரப்பெட்டி, மேலே சாய்ந்த கூரை, முன்பக்கம் குருவி உட்காரச் சின்னக் குச்சி. தை மாதம் வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கியபோது பரணில் பழைய துணிகளுக்கு அடியில் கிடைத்தது. அடியில் ஓசூர்க் கடை ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. யார் வாங்கி வந்தது என்று என் மனைவி வடிவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மொட்டைமாடிச் சுவரை ஒட்டி நிற்கிற முருங்கையில் கட்டித் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் தினை வைக்கிறேன்.

ஓசூரில் வேலை பார்த்த எங்கள் மகன் போன ஐப்பசியில் லாரி மோதி இறந்துபோனான். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. இது குருவிகளுக்காக வைத்திருக்கிற டைரி.

ஜூன் 9, திங்கள்

ஆள் சிக்கிவிட்டான். காக்கை. அலகின் நுனி கொஞ்சம் கோணல். பெட்டிக்கூரையில் சட்டமாக உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டுத் தின்கிறான். குருவிகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. ரிசர்வ் செய்தவன் நிற்க, வித்தவுட் படுத்துக்கொண்டு போகிற அதே நியாயம். அவனுக்கு வித்தவுட் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலை வாங்கி வந்து பெட்டியைச் சுற்றி அடித்தேன். குருவி நுழையும், காக்கை நுழையாது. உட்காருகிற குச்சியையும் பாதியாக நறுக்கிவிட்டேன். வடிவு கொல்லைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல் இருந்தது. பிறகு முருங்கைக்கீரை ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலமே வித்தவுட் புத்தியைக் காட்டினான். கயிற்றைக் கவ்வி ஆட்டுகிறான். தினை கீழே கொட்டுகிறது. கீழே புறாக்கள் காத்திருக்கின்றன. கூட்டுக் களவாணிகள்.

ஜூன் 13, வெள்ளி

கயிற்றை எடுத்துவிட்டுக் கெட்டிக் கம்பியில் பெட்டியை முறுக்கிக் கட்டினேன். இப்போது ஆடாது. ஆனாலும் வித்தவுட் வருகிறான், அதுவும் கூட்டத்தோடு, உச்சிவேளையில். பெட்டியில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் ஏன் வர வேண்டும்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று யோசிக்க வேண்டாமா?

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். முருங்கைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் சோற்றுப் பருக்கை. நெய் மினுமினுப்பு இருந்தது. ஆக, யாரோ சோறு போட்டுக் காக்கையை இழுக்கிறார்கள். என் பெட்டி அழிய வேண்டும் என்று நினைக்கிற ஆள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஞானதுரை மேல்தான் முதல் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். அவர் வீட்டு மாடியும் எங்கள் மாடியும் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டில் மீன். மீன் கழுவுகிற வீட்டுக்குக் காக்கை வராமல் கிளியா வரும்?

சுவரோரம் நின்று கூப்பிட்டேன். சோறு விஷயத்தைச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். அவர் கையில் செதிலோடு வந்து நின்றார். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். அதுவே எனக்குச் சந்தேகம். மடியில் கனமில்லாதவன் எரிந்துவிழுவான், இவர் சிரிக்கிறார்.

"அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்க. காக்காவுக்குச் சோறு வைக்கது எங்க வழக்கத்துல இல்ல," என்றார். "உங்க தட்டட்டில கெடக்க சோத்துக்கு உங்க வீட்டுலதான் கேக்கணும்."

சொந்த மொட்டைமாடியைப் பற்றி என்னிடமே பேசுகிறார். அவர் மனைவி எஸ்தர் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

பழைய சைக்கிள் டியூபில் உண்டிவில் செய்து கொல்லையில் பதுங்கியிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று யாராவது கேட்டால் தேவைதான். முதல் கல்லே வித்தவுட்டின் றெக்கையில் பட்டது. கீழே விழவில்லை, ஆனால் கத்தினான் பார், ஊரிலுள்ள அத்தனை காக்கையும் வந்துவிட்டது. தலையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தேன்.

வடிவு தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினாள். எனக்காகத்தான் பதறுகிறாள் என்று முதலில் நினைத்தேன். தடவி முடித்துவிட்டு, காக்கைக்கு ரத்தம் வந்ததா என்று கேட்டாள்.

ஜூன் 18, புதன்

ஹெல்மெட் போட்டுக்கொண்டு குருவிக்குத் தினை வைக்கப் போகிற ஆள் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். நான் கொல்லையில் கால் வைத்தால் போதும், கத்தத் தொடங்கிவிடுகின்றன. வடிவு போனால் ஒன்றும் கத்துவதில்லை. ஞானதுரை போனாலும் கத்துவதில்லை.

ஜூன் 21, சனி

வீட்டுக்குள்ளும் கண் வைக்க வேண்டியிருக்கிறது.

வடிவு முன்பெல்லாம் எனக்குப் போட்டுவிட்டு உடனே அவளும் உட்காருவாள். இப்போது என்னைச் சாப்பிடவைத்து, படுக்கச் சொல்லி, மின்விசிறியைக் கூட்டி வைக்கிறாள். நான் கண்ணை மூடியதும் மாடிப்படியில் கால் சத்தம். துணி எடுக்கப் போனேன் என்கிறாள். அந்த நேரத்தில் ஏது துணி? காலையிலேயே அதைக் காயவைத்து எடுத்தாயிற்று.

இன்னொன்று. கூட்டாஞ்சோறு. எனக்கு அது ஆகாது. முருங்கைக்கீரையும் பருப்பும் காயும் சோறும் ஒன்றாகக் குழைந்துகிடப்பது ஒரு சாப்பாடா? இந்த வீட்டில் அதைச் சட்டியோடு வைத்துத் தின்றவன் வேறு ஆள். அப்படியிருக்க இந்த வாரம் இரண்டு தடவை கூட்டாஞ்சோறு. யாருக்கு என்று கேட்டேன். "கீரை கெடந்துச்சு," என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. குறுக்குத்துறை போய் ஆற்றில் முழுக்குப் போட்டு என் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். வேறு யார் பெயராவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று ஐயர் கேட்டார். இல்லை என்றேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. படித்துறையில் பாசி.

வந்ததும் வடிவு மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தாள். அமாவாசைக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், நான் தடுத்ததில்லை. ஆனால் அவள் கா கா என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் வித்தவுட் வந்து இறங்கினான். எங்கிருந்தோ தேடி வரவில்லை, டயம்டேபிள் பார்த்து வருகிறவனைப் போல வந்தான். கல் பட்ட றெக்கை கொஞ்சம் தொங்குகிறது. வடிவுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அவள் நகரவில்லை, அவனும் பயப்படவில்லை.

நான் படியில் தலையைக் காட்டினேன். பறந்துவிட்டான். வடிவு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 28, சனி

செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பக்கமே மற்றதெல்லாம் வராது. கருவாடு காயப்போடுகிற இடங்களில் பார்த்திருக்கிறேன். செத்த காக்கைக்கு எங்கே போவது? கறுப்புத் துணியில் செய்துகொள்ள வேண்டியதுதான். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் என் டூட்டிக் கோட்டு இருந்தது. நல்ல அழுத்தமான கறுப்பு. ஒரு கையை மட்டும் வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, கொல்லையில் கிடந்த நாலு காக்கை இறகைச் செருகினேன். அச்சு அசல் காக்கை. மீதிக் கோட்டையும் வீணாக்காமல் கம்பில் மாட்டி, மாடிச் சுவரோரம் நட்டுவைத்தேன். அந்தக் காக்கையை அதன் கையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டேன்.

நான் கத்தரியை எடுத்தபோது வடிவு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோட்டையா வெட்டுதீய?" என்றாள்.

வேறு கறுப்புத் துணி உண்டா என்று கேட்டேன். மறுபடி அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். நாகர்கோவில் பாசஞ்சரில் நடந்தது ஓடியிருக்கும். அப்போது அவன் நாகர்கோவிலில் காலேஜ் படித்தான். சீசன் டிக்கெட் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் அப்பா என்றான். இந்தக் கோட்டைப் போட்டிருக்கையில் எனக்குப் பிள்ளை கிடையாது என்று சொல்லி நாங்குநேரியில் இறக்கிவிட்டேன். ரயில்பெட்டி முழுக்கப் பார்த்தது. நேர்மையான ஆள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கையைக் குலுக்கினார். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன். வடிவு இன்றுவரை மீறியதில்லை.

சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். நல்ல கோட்டு. இப்போதும் வேலை பார்க்கிறது.

ஜூலை 2, புதன்

வெற்றி. கோட்டு நட்டதிலிருந்து ஒரு காக்கை வரவில்லை. தூரத்துத் தென்னையில் உட்கார்ந்து கத்துவதோடு சரி. புறாவுக்கு வெட்கம் கிடையாது, கோட்டின் தோளிலேயே உட்காருகிறது, ஆனால் வலைக்குள் அதால் நுழைய முடியாது. குருவிகள் மட்டும் போகவரத் தினை கொத்துகின்றன. தினைக்குருவி ஜோடி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியை வாங்கியவன் இதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. மோர் குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காக்கை போயும் வீட்டில் மர்மம் போகவில்லை. வடிவு இளைத்திருக்கிறாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிகிறது. கேட்டால் வெயில் என்கிறாள். மத்தியானம் மாடிக்குப் போனால் இறங்கி வர நாலு மணி ஆகிறது. நேற்று படுத்துத் தூங்குகிற மாதிரி நடித்தேன். மூடிபோட்ட கிண்ணத்தோடு ஏறிப் போனாள். அங்கே யாரோ இருக்கிறார்கள், அல்லது யாரையோ எதிர்பார்க்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் குரல் கேட்டது. இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். என் பெயர் அடிபட்டது போலிருந்தது.

இன்று அவள் குளிக்கப் போன சமயம் குப்பைக்கூடையைச் சோதித்தேன். சோதனை என்றால் எனக்குக் கூச்சம் கிடையாது. காய்கறித் தோலுக்கு அடியில் வாழை இலைத் துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. பிரித்தால் உள்ளே காய்ந்து விறைத்துப்போன கூட்டாஞ்சோறு. யாரும் தொடாத சோறு. அதற்கு அடியில் நேற்றைய துண்டு, அதிலும் அப்படியே.

யாருக்கு வைத்தது என்று யோசித்தேன். அதற்குள் கரண்டு போய்விட்டது.

ஜூலை 9, புதன்

வடிவு என்னிடம் மறைத்து ஒன்றைச் செய்வது இது முதல் தடவை இல்லை.

நான் டூட்டியில் இருந்தவரை அவன் என் டூட்டி நாள் பார்த்து வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். ரிட்டயரான பிறகு, ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் நான் காலையில் நடக்கப் போகிற நேரத்துக்கு வருவான். எனக்குத் தெரியாது என்று அம்மாவும் பிள்ளையும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதகன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? கழுவிக் கவிழ்த்த டம்ளர் ஒன்று கூடுதலாக இருக்கும். நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். வடிவின் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

கண்டுபிடித்தேனே தவிர ஒரு நாளும் கேட்டதில்லை. தெருமுனையில் அவன் பைக் நிற்பதைப் பார்த்தால் வ.உ.சி. மைதானத்தில் கூட இரண்டு சுற்று சுற்றுவேன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதலிலிருந்து மறுபடி படிப்பேன். பைக் போனபிறகுதான் வீட்டுக்கு வருவேன். நடை உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஜூலை 14, திங்கள்

மத்தியானம் வடிவு மாடியில் மயங்கி விழுந்துவிட்டாள்.

நான் கீழே படுத்திருந்தேன். எஸ்தர் போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். நான் படியேறுவதற்குள் ஞானதுரை சுவரைத் தாண்டிக் குதித்து வடிவைக் கையில் தூக்கியிருந்தார். அவள் கால் செருப்பில்லாமல் தொங்கியது. வெயிலில் பாதம் கன்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றார்கள். சர்க்கரைநோய் மாத்திரையை விழுங்கிவிட்டு இப்படிப் பட்டினி கிடக்கலாமா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார் என்று அந்த டாக்டர் பெண் என்னைத்தான் ஏசினாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வடிவு கண்ணை மூடியிருந்தாள்.

வராந்தாவில் எஸ்தரைக் கேட்டேன். அவளிடம் நான் நேரடியாகப் பேசுவது அதுதான் முதல் முறை. சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். பிறகு அவளே சொன்னாள்.

"தெனமும் மகனுக்குன்னு காக்காவுக்குச் சோறு வைக்காவ அண்ணாச்சி. காக்கா எடுத்தப் பொறவுதான் அக்கா சாப்பிடுவாவ. நீங்க கோட்டு கட்டுன நாளுலருந்து ஒரு காக்கா வரல. நாலு மணி வரைக்கும் வெயில்ல நிக்காவ. பொறவு ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிடுவாவ, சில நாளு அதுவும் கெடையாது."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்களாமே என்றாள். ஞானதுரை இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் கையில் வைத்தார். அவரைப் பார்க்க எனக்கு முகமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வடிவை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. அவள் தூங்கியதும் மாடிக்குப் போய்க் கோட்டைக் கழற்றினேன். வெயிலில் நரைத்து, ஒரு கை இல்லாமல், புறா எச்சத்தோடு கிடந்தது. அதை மடித்து வைக்க மனம் வரவில்லை. குப்பைவண்டி வந்தபோது கொண்டுபோய்ப் போட்டேன். வண்டிக்காரர், நல்ல துணியாக இருக்கிறதே சார் என்றார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

பெட்டியைச் சுற்றியிருந்த வலை அப்படியே இருக்கட்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 17, வியாழன்

காக்கை வரவில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லி வடிவைச் சாப்பிட வைத்தேன். சாப்பிட்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்காமல் சாப்பிட்டாள். அப்படி ஒரு சாப்பாட்டை நான் பார்த்திருக்கக் கூடாது.

ஜூலை 19, சனி

நானே வைத்துப் பார்த்தேன். சோறு, நெய், வடை. வித்தவுட் ஞானதுரை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வா என்றேன். கா என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. எழுந்து பறந்துவிட்டான்.

ஜூலை 21, திங்கள்

முறுக்கு வைத்தேன். அதற்கும் வரவில்லை. வரும் வியாழன் ஆடி அமாவாசை. அன்றைக்காவது வருமா என்று வடிவு கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. குறுக்குத்துறையில் கால் வைக்க இடமில்லை. ஐயர் என் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொல்லி முடித்தார். வேறு யாராவது உண்டா என்றார். ஒரு பெயர் சொன்னேன். கூட்டச் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். என்ன உறவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எள்ளை அள்ளி என் கையில் வைத்தார். பிள்ளை எனக்கு விட வேண்டிய தண்ணீர் அது. அழுதேன். ஆற்றில் எல்லாருக்கும் முகம் நனைந்துதான் இருந்தது.

வீட்டில் வடிவு எல்லாம் சமைத்து வைத்திருந்தாள். ஆடி அமாவாசைச் சமையலோடு, வெங்காயம் போடாமல் ஒரு சட்டி கூட்டாஞ்சோறும். இலையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். சுவரில் இலையை வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். இன்றைக்கு ஊரெல்லாம் சோறு வைத்திருக்கும், காக்கைக்குப் பசியே இருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வித்தவுட் வந்தான். தென்னையிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து ஞானதுரை வீட்டுச் சுவருக்கு. அதற்கு மேல் வரவில்லை. கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கைகூப்பினேன். ஒரு காக்கையைப் பார்த்துக் கைகூப்புவேன் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் அபராதம் போட்டிருப்பேன்.

நேரம் போய்க்கொண்டேயிருந்தது. வடிவுக்கு வியர்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே போய்ச் சாப்பிடு, எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க நின்னா அவன் வர மாட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை. பல வருடமாக அவளுக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னாள்.

கீழே வந்தேன். அறைக்குள் போய் நின்றாலும் ஜன்னல் வழியாக அவனுக்குத் தெரியும். சட்டையை மாட்டினேன். கொல்லைப் பக்கம் போகாமல் வாசல் வழியாக இறங்கினேன். செருப்புச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து வடிவு எட்டிப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல எங்க போறீய?"

"ஒரு நடை நடந்துட்டு வாரேன்," என்றேன்.

நான் தெருமுனை திரும்புகிறவரை அங்கேயே நின்றாள். இத்தனை வருடம் அந்த நடை எதற்காக என்று இன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மைதானத்தில் உச்சிவெயிலில் யாருமில்லை. ஒரு சுற்று நடந்தேன். அவசரப்படக் கூடாது, ஆற அமரச் சாப்பிடட்டும் என்று இன்னொரு சுற்று நடந்தேன். அந்தப் பழைய பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் வாகைமரத்தில் காக்கைகள் இருந்தன. ஒன்றும் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. எழுந்து கடைசியாக ஒரு சுற்று நடந்துவிட்டு, வழக்கம்போல் தெருமுனையில் நின்று பைக் போய்விட்டதா என்று பார்த்தேன். பார்த்தபிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

வீட்டில் வடிவு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் அசைய, வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவை எனக்கு நன்றாகத் தெரியும்.

"பரமு வந்தானா?" என்று கேட்டேன்.

கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்தான்."

"சாப்பிட்டானா?"

"நல்லா சாப்பிட்டான்," என்றாள்.

எனக்கும் ஓர் இலை போடச் சொல்லி அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கூட்டாஞ்சோறு வைத்தாள். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.